இனி எதற்காக? இஞ்ஞாசியார் காட்டிய வழியில் முதல் அடி வைப்போர்க்கு

ஓய்வு பெற்ற மறு மாதத்தில், பிள்ளைகள் வெளியூருக்குக் குடிபோன பிறகு, துணையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய வீட்டில், வளைகுடாவிலிருந்து பெட்டியோடு வந்திறங்கிய சில வாரங்களில், தேர்வு முடிவில் மூன்றாம் முறையும் தன் எண்ணைக் காணாத நாளில் என்று, ‘இனி எதற்காக?’ என்னும் கேள்வி ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒவ்வொரு வாசல் வழியாக வருகிறது. வந்தவுடன் பெரும்பாலோர் ஒரு நோட்டை எடுத்து இலக்குகளை வரிசையாக எழுதத் தொடங்குகிறார்கள். புத்தாண்டுத் திருப்பலி முடிந்து வந்த இரவில் எழுதப்படும் அந்தப் பட்டியல் பெரும்பாலும் பொங்கல்வரைகூடத் தாங்குவதில்லை. எழுதியவர்களின் மன உறுதியில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. முடிவில் எழுத வேண்டியதை அவர்கள் முதலில் எழுதிவிடுகிறார்கள் என்பதே என் கருத்து.

நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுக்கு ஒரு தெரு தள்ளித்தான் பள்ளிக்கூடம். ஓய்வு பெற்ற பின் வந்த ஜூன் மாதத்தில், பள்ளி திறந்த அன்று காலை முதல் மணி ஒலித்தபோது, நான் புடவை கட்டி, கைப்பையில் கண்ணாடிக் கூட்டையும் சிவப்பு மைப் பேனாவையும் எடுத்து வைத்து முடித்திருந்தேன். இரண்டாம் மணி அடிக்கும்வரை கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்று தொடங்கிய வெறுமை ஏறக்குறைய ஓராண்டு நீடித்தது. அதிலிருந்து என்னைக் கைப்பிடித்து வெளியே கொண்டுவந்த வழி, 500 ஆண்டுகளுக்கு முன் ஒரு போர்வீரர் தம் நோய்ப்படுக்கையில் கண்டுகொண்ட வழி. கத்தோலிக்கத் துறவற இல்லங்களில் நன்கு அறியப்பட்ட அந்தப் பயிற்சி, பங்குக் கோயில்களைச் சேர்ந்த பொதுமக்களுக்கு இன்னும் போதிய அளவு வந்து சேரவில்லை என்ற ஆதங்கத்தால், புதிதாகத் தொடங்குபவர் தாமே செய்து பார்க்கும்படி அதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படுக்கையில் கிடந்த வீரர்

1521ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் வடக்கேயுள்ள பம்பலோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டு ஒன்று, பின்னாளில் இஞ்ஞாசியார் என்று அழைக்கப்பட்ட இனிகோ என்னும் வீரரின் ஒரு காலை முறித்து, மற்றக் காலையும் காயப்படுத்தியது. அவரைத் தூக்கிச் சென்று லொயோலாவில் இருந்த அவருடைய குடும்ப மாளிகையில் கிடத்தினார்கள். முறிந்த எலும்பு கோணலாகச் சேர்ந்து துருத்தி நின்றது. அழகிய காலணி அணிய அது இடையூறாகும் என்பதற்காக, வலியைப் பொறுத்துக்கொண்டு அதை அறுத்தெடுக்கச் செய்யும் அளவுக்கு அவர் அப்போது தம் தோற்றத்தின்மேல் பற்று வைத்திருந்தார். சென்னையில் 1925இல் தொடங்கப்பட்ட லொயோலா கல்லூரியின் பெயரைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. அது ஒருவர் எழுந்து நடக்க முடியாமல் மாதக்கணக்கில் படுத்திருந்த இடத்தின் பெயர் என்பதை அறிந்தவர்களும் குறைவே.

பொழுது போக்க வீரக்கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர்களின் வரலாறுகளையும் சொல்லும் நூல்களே கிடைத்தன. சில மணி நேரம் ஓர் உயர்குலப் பெண்ணுக்காகத் தாம் செய்யப்போகும் வீரச்செயல்களைக் கற்பனை செய்வார். வேறு சில நேரம், புனிதர்களான பிரான்சிஸும் தோமினிக்கும் செய்ததைத் தாமும் செய்தால் என்ன என்று எண்ணிக் கிடப்பார். எண்ணும் நேரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இனித்தன. எண்ணி முடித்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. முதல் கனவு கலைந்ததும் உள்ளம் காய்ந்து கிடந்தது. இரண்டாவது கனவு போன பின்பும் அதன் நிறைவு தங்கியது. நெடுநாள் இதைக் கவனிக்காமலே இருந்தவர், ஒருநாள் கண் திறந்து, அந்த வேறுபாட்டைக் கண்டு வியந்தார். ‘இஞ்ஞாசியார் வழி’ என்று இன்று நாம் சொல்வதெல்லாம் அந்த வியப்பிலிருந்து முளைத்தது. உண்ணும்போது இனிப்பது எது என்று பார்ப்பதோடு நில்லாமல், உண்ட பின் நாவில் தங்கும் சுவை எது என்று பார்க்கக் கற்றுக்கொள்வதே இதன் வித்து.

தொடங்குமுன்

நம்பிக்கை தளர்ந்து ‘போதும், ஆண்டவரே’ என்று சூரைச்செடியின் அடியில் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டார், மறுபடி எழுப்பி உண்ணச் சொன்னார். ‘எலியா, நீ இங்கே என்ன செய்கிறாய்?’ என்ற கேள்வி நாற்பது நாள் நடைக்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே இழப்பு நேர்ந்த சில வாரங்களுக்குள் இருப்பவர்கள் எதையும் தேடத் தொடங்க வேண்டாம். நேரத்துக்கு உண்டு, உறங்கி, அன்றாட வேலையைச் செய்தால் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் போய், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள் முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ‘டெலி மனஸ்’ என்னும் மத்திய அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண் 14416. இதைச் செய்வது விசுவாசக் குறைவு ஆகாது. இஞ்ஞாசியாருக்கே மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது அந்த எண்ணம் கடுமையாக வந்தது. ஒரு வாரம் முழுவதும் உண்ணாமல் கிடந்தவரை, அவருக்கு ஒப்புரவு வழங்கிய குரு ‘உண்’ என்று கட்டளையிட்டார், அவர் கீழ்ப்படிந்தார். தனக்குத்தானே வைத்தியம் பார்க்காத அந்தப் பணிவு அவரைக் காத்தது.

தேவையான பொருள்கள் மிகச் சில: கோடு போடாத ஒரு நோட்டு, ஒரு பேனா, தினமும் ஒரே இடம், ஒரே நேரம். என் இடம் சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த பழைய மர நாற்காலி. என் நேரம் இரவு 9 மணி, குடும்பச் செபமும் பாத்திரம் கழுவுவதும் முடிந்த பிறகு. படுக்கையில் உட்கார்ந்து செய்யாதீர்கள், உறக்கம் வந்துவிடும். கைப்பேசியில் எழுதுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வரி எழுதுவதற்குள் அது பத்துச் செய்திகளைக் காட்டிவிடுகிறது.

முதல் இரண்டு வாரம்: இரவில் கால் மணி நேரம்

இதற்குப் பெயர் ஆன்ம சோதனை. அந்தப் பெயரைக் கேட்டதும் பாவங்களை எண்ணிப் பார்ப்பதே நினைவுக்கு வரும். சிறுவயதில் நமக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் இஞ்ஞாசியார் வகுத்த ஐந்து படிகளில் முதலாவது நன்றி. பாவம் அதற்குப் பிறகுதான் பேசப்படுகிறது.

முதலில், அந்த நாளில் பெற்றவற்றுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள். பொதுவாக ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று முடிக்காமல், அன்றைய நாளுக்கே உரிய ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். முதல் இரவில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சுவரில் பல்லி ஊர்வதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நோட்டில் ‘மோர்’ என்று ஒரே ஒரு சொல் எழுதினேன். அன்று நண்பகலில் பக்கத்து வீட்டு அக்கா, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டு ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து, ‘வெயில் தாங்கல, குடிங்க டீச்சர்’ என்று வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஒரு சொல்லை எழுதிய பிறகுதான், அன்று முழுவதும் என்னை ‘டீச்சர்’ என்று அழைத்தவர் அவர் ஒருவரே என்பதும் அது என்னை அழவைக்கக்கூடியது என்பதும் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது, உண்மையைக் காண அருள் கேட்பது. ‘ஆண்டவரே, நீர் பார்ப்பதுபோல் என் நாளை நான் பார்க்கச் செய்யும்’ என்றால் போதும். இது ஒரு நொடிதான், ஆனால் விட்டுவிடக் கூடாது. இது இல்லாவிட்டால் அடுத்த படி நமக்கு நாமே தீர்ப்பு எழுதும் நீதிமன்றமாகிவிடும்.

மூன்றாவது, எழுந்ததிலிருந்து இந்த நிமிடம்வரை நாளை மணிக்கணக்காகப் புரட்டிப் பார்ப்பது. எண்ணம், சொல், செயல் மூன்றையும் பாருங்கள். எங்கே உள்ளம் விரிந்தது, எங்கே சுருங்கியது என்று இரண்டு வரி எழுதுங்கள். நான் பக்கத்தின் நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் ‘ஈரம்’ என்றும் வலப்பக்கம் ‘வறட்சி’ என்றும் தலைப்பிட்டேன். காரணம் எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். நான்காவது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது. ஐந்தாவது, நாளைய நாளில் செய்யப்போகும் ஒரு திருத்தத்தை ஆண்டவர் துணையோடு தீர்மானித்து, ஒரு ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே’ சொல்லி முடிப்பது.

தாம் தொடங்கிய சேசு சபையில் படித்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு இஞ்ஞாசியார் செப நேரத்தைச் சுருக்கிக் கொடுத்தபோதும், நாளுக்கு இருமுறை செய்யும் இந்தச் சோதனையை மட்டும் நீக்கவில்லை. அவர் இதை எவ்வளவு உயர்வாக வைத்தார் என்பதை நான் அதிலிருந்து அறிகிறேன். இந்த இரண்டு வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பார்ப்பது மட்டுமே வேலை. பதினான்காம் நாள் இரவு, நோட்டை முதலிலிருந்து ஒரே மூச்சில் படியுங்கள்.

நான் படித்தபோது கண்டவை என்னை நிலைகுலையச் செய்தன. ‘ஈரம்’ பக்கத்தில் ஐந்து நாட்களில் ஒரு குழந்தையின் பெயர் இருந்தது: எதிர்வீட்டுச் சிறுமி எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டியது, கடைக்காரர் மகனுக்கு றகர ரகர வேறுபாடு சொன்னது, இப்படி. ‘வறட்சி’ பக்கத்திலோ, ஓய்வுக்குப் பின் என் இறைப்பணி என்று நான் ஏற்றுக்கொண்ட குழுக் கூட்டங்கள் வரிசையாக இருந்தன. எது பக்தியான வேலை என்று நான் நினைத்தேனோ அது என்னைக் காய வைத்திருந்தது. எதை வேலை என்றே எண்ணவில்லையோ அது எனக்குத் தண்ணீர் வார்த்திருந்தது.

ஈரம் எது, வறட்சி எது

புதிதாகத் தொடங்குவோர் மிகுதியாகத் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று நின்று சொல்கிறேன். இஞ்ஞாசியார் ‘ஆறுதல்’ என்று சொல்வது மகிழ்ச்சியை மட்டும் அன்று. நம்பிக்கையும் எதிர்நோக்கும் அன்பும் நம்முள் வளரும் எந்த அசைவும் ஆறுதலே. அவர் அதில் கண்ணீரையும் சேர்க்கிறார். கல்லறைத் திருநாள் அன்று கணவரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து மாமியாருக்கு அன்போடு சோறு போட முடிகிறது என்றால் அந்த அழுகை ஈரம். மூன்று மணி நேரம் தொடர் பார்த்துச் சிரித்துவிட்டு, எழும்போது யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் அந்தச் சிரிப்பு வறட்சியின் பக்கத்தில் எழுத வேண்டியது.

நல்வழியில் முன்னேற விரும்பும் ஒருவரின் உள்ளத்தில் நல்ல தூண்டுதல் பஞ்சில் நீர்த்துளி இறங்குவதுபோல் ஓசையின்றி இறங்கும் என்றும், தீய தூண்டுதல் கல்லில் விழுந்த துளிபோல் தெறிக்கும் என்றும் அவர் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் எழுதியிருக்கிறார். ‘உடனே செய், இல்லாவிட்டால் எல்லாம் போயிற்று’ என்று படபடப்போடு வரும் எந்த யோசனையையும், அது எவ்வளவு புனிதமாகத் தோன்றினாலும், நான் இன்று சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

அவருடைய விதிகளில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: வறட்சியான காலத்தில், அதற்கு முன் தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. வேலையை விட்டுவிடலாம், ஊரை மாற்றிவிடலாம், இந்த உறவை முறித்துவிடலாம் என்ற எண்ணங்கள் பெரும்பாலும் இரவு 11 மணிக்கு மேல், உள்ளம் காய்ந்திருக்கும்போதே வருகின்றன. அப்போது மாற்ற வேண்டியது தீர்மானத்தை அன்று, நம்மை. கால் மணி நேரம் செபிக்கத் தீர்மானித்திருந்தால், வறட்சி நாளில் இரண்டு நிமிடம் கூடுதலாக உட்காருங்கள். ஆறுதல் நிறைந்த நாளிலோ, அடுத்து வரும் வறட்சிக்கு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ‘இதுவும் முன்பு வந்தது, போயிற்று’ என்று நல்ல நாள் ஒன்றில் நானே எழுதிய வரி இருக்கிறது. பலமுறை அதைத் திருப்பியிருக்கிறேன்.

அந்த அடிப்படையில்தான் குழுக் கூட்டங்களையும் நான் உடனே விடவில்லை. ஏற்ற காலம் முடியும்வரை போய்வந்தேன்.

மூன்றாம் வாரம்: கடந்து வந்ததையும் வேண்டுவதையும் கேட்பது

இந்த வாரத்தில் இரவுச் சோதனையோடு, காலையில் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள், வாழ்வைப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கடவுள் யார் வழியாக வந்தார் என்று எழுதுங்கள். திருப்பாடல் 139ஐ மெல்ல வாசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நம்மை ஆய்ந்தறிந்த ஒருவர்முன் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்ற விடுதலை அதில் கிடைக்கும். பழைய காயங்கள் மேலெழும். எழட்டும். ஆனால் அவற்றிலேயே மூன்று நாளையும் கழித்துவிடாதீர்கள்.

நான்காம் நாள் முதல் ஒரே ஒரு காட்சியில் தங்குங்கள்: மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில், எரிகோ சாலையோரத்தில் உட்கார்ந்து கூவிய பார்வையற்ற பர்த்திமேயு. இயேசு அவரிடம், தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். பார்வையற்றவரிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் தோன்றும். ஆனால் கேட்கத்தான் செய்கிறார். அவர் வாயால் சொல்ல வைக்கிறார். அந்தச் சாலையோரத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக மனத்தில் காணுங்கள். புழுதி, கூட்டத்தின் இரைச்சல், ‘சும்மா இரு’ என்று அதட்டும் குரல்கள். பிறகு அந்தக் கேள்வியை உங்கள் பெயர் சொல்லிக் கேட்கவிடுங்கள். வருகிற பதிலை எழுதுங்கள். மறுநாள் மறுபடி எழுதுங்கள். முதல் நாள் பதில் பெரும்பாலும் பிறர் நம்மிடம் எதிர்பார்ப்பதாக இருக்கும். ‘பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்’ என்றே நான் மூன்று நாள் எழுதினேன். நான்காம் நாள்தான், ‘யாருக்காவது நான் இன்னும் தேவைப்பட வேண்டும்’ என்று கை தானே எழுதியது. அதைப் பார்க்க முதலில் வெட்கமாக இருந்தது. என் ஆன்ம வழிகாட்டியான அருட்சகோதரியிடம் காட்டியபோது, ‘இதில் வெட்கப்பட என்ன இருக்கிறதும்மா? இதை அவரிடமே சொல்லுங்கள்’ என்றார்.

நான்காம் வாரம்: தேர்வு

இப்போது இரண்டு அல்லது மூன்று வழிகள் கண்முன் தெரியத் தொடங்கியிருக்கும். தெளிந்து தேர்தல் என்று சேசு சபையினர் சொல்லும் பயிற்சி இங்கே தொடங்குகிறது. தேர்வுக்கு வைக்கப்படும் எல்லா வழிகளும் நல்லவையாகவோ, குறைந்தது தீமையற்றவையாகவோ இருக்க வேண்டும். திருமணம், குருத்துவம்போல் மாற்றவியலாதபடி ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவற்றை மேசைமேல் வைக்கக் கூடாது. அவற்றுக்குள் எப்படிச் சிறப்பாக வாழலாம் என்று மட்டுமே கேட்கலாம்.

அடுத்து, தராசின் முள்போல் நடுவில் நிற்க முயல வேண்டும். நலமோ நோயோ, செல்வமோ வறுமையோ, புகழோ இகழோ, நீண்ட ஆயுளோ குறுகியதோ, எதன் பக்கமும் முன்கூட்டியே சாயாமல், படைக்கப்பட்டதன் நோக்கத்துக்கு எது மிகுதியாகத் துணைசெய்யுமோ அதை மட்டும் விரும்புவது என்று இஞ்ஞாசியார் இதை விளக்குகிறார். ஒரு நாளில் வருவதன்று இது. எனக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. சாய்ந்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு தொடங்கினாலே பாதி வழி வந்ததற்குச் சமம்.

பிறகு ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். இதைச் செய்தால் வரும் நன்மை, செய்தால் வரும் கேடு, செய்யாவிட்டால் வரும் நன்மை, செய்யாவிட்டால் வரும் கேடு. பின் இரண்டு கட்டங்கள் வீண் என்று தோன்றும். ஆனால் நாம் மறைத்து வைத்திருக்கும் அச்சமெல்லாம் அங்கேதான் வந்து விழும். எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள்; எந்தக் காரணத்துக்கு எடை அதிகம் என்று பாருங்கள். அதன்பின் மூன்று கற்பனைகள். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் அவருக்கு என்ன சொல்வேன்? மரணப்படுக்கையில் கிடக்கும்போது, இப்போது எதைத் தேர்ந்திருந்தால் நன்று என்று எண்ணுவேன்? இறுதித் தீர்ப்பில் ஆண்டவர்முன் நிற்கும்போது? இவற்றுள் முதல் கேள்வி எளியதுபோல் தோன்றினாலும், எனக்கு மிகுதியாக உதவியது அதுதான். மற்றவருக்குச் சொல்லும்போது நம் நாக்கு உண்மையைச் சட்டென்று சொல்லிவிடுகிறது.

தேர்ந்ததை உடனே ஊருக்கு அறிவிக்காமல், ஒரு வாரம் திருப்பலியில் காணிக்கையோடு ஒப்புக்கொடுத்து வாருங்கள். இரவு நோட்டில் ஈரம் தொடர்கிறதா என்று பாருங்கள்.

நோக்கம் வேறு, இலக்கு வேறு

இஞ்ஞாசியார் எருசலேமில் வாழ்ந்து மக்களின் ஆன்மாக்களுக்கு உதவ விரும்பினார். 1523இல் அங்கே போயும் சேர்ந்தார். அங்கிருந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் அவரைத் தங்கவிடாமல் திருப்பி அனுப்பினர். இலக்கு உடைந்தது; ஆன்மாக்களுக்கு உதவுவது என்ற நோக்கம் உடையவில்லை. அதற்குக் கல்வி வேண்டும் என்று கண்டு, 1524இல், முப்பது வயதைக் கடந்த அந்த மனிதர் பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் கற்றார். பின்னர் பாரிஸில் படிக்கும்போது பிரான்சிஸ் சவேரியாரும் பீட்டர் பேபரும் அவருக்கு அறைத்தோழர்கள் ஆயினர். 1534 ஆகஸ்ட் 15 அன்று, மொன்மார்த் குன்றில் அவர்கள் எழுவராக எடுத்த வாக்குறுதியை நான் இலக்குக்கு ஓர் இலக்கணமாகவே பார்க்கிறேன். எருசலேம் போவது, ஓராண்டுக்குள் போக முடியாவிட்டால், திருத்தந்தை எங்கே அனுப்புகிறாரோ அங்கே போவது. செயல் தெளிவு, கால எல்லை தெளிவு, மாற்று வழியும் தெளிவு. துருக்கியரோடு மூண்ட போரால் 1537இல் வெனிஸிலிருந்து யாத்திரைக் கப்பல் புறப்படவில்லை. அவர்கள் உரோமைக்குப் போனார்கள். சவேரியார் 1542இல் கோவாவில் இறங்கி, அதே ஆண்டு நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தது அந்த மாற்று வழியின் தொடர்ச்சி.

இந்த இலக்கணப்படி உங்கள் இலக்கை எழுதுங்கள். என் நோக்கம், ‘எழுத்துத் தெரியாமல் பின்தங்கும் பிள்ளைக்குத் துணை நிற்பது’. இலக்கு: ஆகஸ்ட் முதல் மார்ச் வரை, திங்கள் முதல் வியாழன் வரை, மாலை 5 மணி முதல் 6 மணி வரை, எங்கள் தெருவில் 4, 5ஆம் வகுப்புப் படிக்கும் ஆறு பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கும்படி செய்வது. பிள்ளைகள் வராவிட்டால் செப்டம்பரில் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்பது. கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டாரா என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் கேட்பதை நினைத்து, என் முழங்கால் வலியையும், பேரப்பிள்ளைகள் வரும் வாரங்களையும், சிலேட்டு வாங்கும் செலவையும் கணக்கில் எழுதினேன். ஒரே நேரத்தில் ஓர் இலக்குக்குமேல் வைக்காதீர்கள். தொடக்கத்தில் இதில் நான் கண்டிப்பாகவே இருக்கச் சொல்வேன்.

நாளுக்கு இரண்டு கோடுகள்

இலக்கைத் தடுப்பது பெரும்பாலும் ஒரே குறைதான். எனக்கு அது தள்ளிப்போடுவது. உங்களுக்குக் கோபமாகவோ, ஒப்பிட்டுப் பார்ப்பதாகவோ இருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள இஞ்ஞாசியார் தனியாக ஒரு சோதனை வகுத்தார். நோட்டில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் இழுங்கள். மேல்கோடு நண்பகல்வரை, கீழ்க்கோடு இரவுவரை. காலையில் எழும்போதே அந்தக் குறையைப் பெயர் சொல்லித் தீர்மானம் செய்யுங்கள். விழுந்த ஒவ்வொரு முறையும் யாருக்கும் தெரியாமல் கையை நெஞ்சில் வையுங்கள். கூட்டத்தின் நடுவிலும் இதைச் செய்யலாம். நண்பகலிலும் இரவிலும் எத்தனை முறை என்று எண்ணிக் கோட்டின்மேல் புள்ளி வையுங்கள். மேல்கோட்டைக் கீழ்க்கோட்டோடும், நேற்றை இன்றோடும், சென்ற வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிடுங்கள். என் முதல் வாரத்தின் திங்கட்கிழமைக் கோடுகளில் மட்டும் ஒன்பது புள்ளிகள் இருந்தன. ஆறாம் வாரத்தில் அதே திங்களில் நான்கு. சில வாரங்களில் கூடியும் இருக்கிறது. கூடிய வாரத்தில் கோடு போடுவதை நிறுத்திவிடத் தோன்றும். அந்த வாரத்தில்தான் நிறுத்தாமல் போட வேண்டும்.

துணை

இவற்றைத் தனியே செய்ய முடியும், ஆனால் மாதம் ஒருமுறையாவது நோட்டைத் திறந்து காட்ட ஒருவர் வேண்டும். தீய ஆவி, தன் பேச்சை இரகசியமாக வைத்திருக்கச் சொல்லும் கள்ளக் காதலனைப் போன்றது என்றும், வெளியே சொன்னவுடன் அதன் சூழ்ச்சி வலுவிழக்கும் என்றும் இஞ்ஞாசியார் எச்சரிக்கிறார். பங்குத்தந்தை, அருட்சகோதரி, செப அனுபவமுள்ள பொதுநிலையினர் என்று யாராகவும் இருக்கலாம். அதிகம் பேசாமல் கேட்பவராக இருக்க வேண்டும். நமக்காகத் தாமே முடிவெடுத்துத் தருபவராக இருக்கக் கூடாது. பயிற்சி தருபவர் தராசின் முள்போல் நடுவில் நின்று, படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள இடம் விட வேண்டும் என்பது அவருடைய நூலிலேயே உள்ள அறிவுரை.

முழுப் பயிற்சி நான்கு ‘வாரங்களாக’, ஏறக்குறைய 30 நாள் மௌனத்தில் செய்யப்படுவது. வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிப் பல மாதங்களில் செய்யவும் அவரே வழி வைத்திருக்கிறார். இரண்டும் கடினம் என்றால் எட்டு நாள் தியானம் உண்டு. தமிழ்நாட்டில் சேசு சபையினரும் வேறு துறவற சபையினரும் நடத்தும் தியான இல்லங்களில் பொதுநிலையினருக்கும் இடம் தருகிறார்கள். உங்கள் மறைமாவட்ட அலுவலகத்திலோ பங்கிலோ கேட்டால் அருகில் உள்ளதைச் சொல்வார்கள். பதிவு செய்யும்போதே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வழிகாட்டி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டமாக உரை கேட்கும் தியானம் வேறு, இது வேறு. போகும்போது திருவிவிலியம், போர்வை, நடப்பதற்கு ஏற்ற செருப்பு, வேளை தவறாமல் உண்ண வேண்டிய மாத்திரைகள், இதுவரை எழுதிய நோட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வந்து சேர்ந்த மாலையில் வீட்டுக்கு ஒருமுறை பேசிவிட்டுக் கைப்பேசியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் உறக்கமே மிகுதியாக வரும். அதற்காக வருந்த வேண்டாம், உறங்குங்கள்.